எல்.டி.எல். 174 முதல் 71 வரை

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, 49 வயதில் கொழுப்புப் பரிசோதனையும் செய்துவிடச் சொன்னவர் அங்குள்ள மருத்துவ அலுவலர். என் தந்தை 51 வயதிலேயே மாரடைப்பால் இறந்தவர் என்பதை அவர் முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்து வைத்திருந்தார். தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் இதயநோய் வந்திருந்தால் அது நம் இதயநோய் ஆபத்துக் கணக்கிலும் சேரும் என்று விளக்கினார்.

வெளி ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கையின் பின்பக்கத்தில் அவர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். மொத்தக் கொழுப்பு 248. அதில் நல்ல கொழுப்பான எச்.டி.எல். 38-ஐயும், இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 180-இல் ஐந்தில் ஒரு பங்கான 36-ஐயும் கழித்தால் மீதம் 174. அதுதான் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னார். அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்த 248-ஐப் பார்த்துக் கலங்கியிருந்த எனக்கு, எதைக் கவனிக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவானது. என் வயது, இரத்த அழுத்தம், தந்தையின் வரலாறு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து, எல்.டி.எல். 70-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்.

மருந்துக்கு முன் தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் பரிசோதனைகள் நடந்தன. தைராய்டு சுரப்பு குறைந்தாலே கொழுப்பு ஏறும் என்பதால் அதை விலக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டுமாம். எல்லாம் சரியாக இருந்தன.

உணவைப் பற்றிப் பேசும்போது அவர் முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டில் எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் என்று கேட்டார். ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றார். ரேஷனில் வாங்கும் பாமாயிலில் ஏறத்தாழ பாதி, எல்.டி.எல்.-ஐ ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயிலோ அது இன்னும் அதிகம். என் மனைவி அன்றிலிருந்து தாளிப்பதற்குக் கரண்டியால் அளந்தே எண்ணெய் ஊற்றுகிறார். ஆனால் உடலில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதியைக் கல்லீரலே உற்பத்தி செய்வதால், பத்தியம் மட்டும் என்னை 174-லிருந்து 70-க்குக் கொண்டுசெல்லாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. இந்த வெளிப்படைத்தன்மைதான் எனக்கு அவரிடம் நம்பிக்கையை வளர்த்தது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமை இரவில் எடுக்கத் தொடங்கினேன். உறவினர்கள் பலர் தசைவலி வரும் என்று எச்சரித்தார்கள். கெண்டைக்காலில் சிறு வலி வந்ததும் எனக்கும் பயம்தான். பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்தியவர்களுக்கு சில மாதங்கள் அட்டோர்வாஸ்டாட்டினையும் சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் கொடுத்து லண்டனில் நடந்த, 2020-இல் வெளியான ஆய்வை மருத்துவர் எடுத்துச் சொன்னார். ஸ்டாட்டினால் உணர்ந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் இருந்ததாம். ஆயினும் வலியை அவர் அலட்சியப்படுத்தவில்லை, சி.கே. என்ற தசைநொதியைச் சோதித்து, அது இயல்பாக இருந்த பிறகே தொடரச் சொன்னார். வலி தானாகவே போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து எல்.டி.எல். 98 என்று வந்தது. ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஆறு சதவீதம் அளவுக்கே குறையும் என்பதால், அளவைக் கூட்டாமல், குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெட்டிமைப் 10 மில்லிகிராமைச் சேர்த்தார். அடுத்த அறிக்கையில் 71.

எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொழுப்பு பழைய அளவுக்கு ஏறிவிடும் என்பதால் தொடர்கிறேன். என் தம்பியையும் கல்லூரியில் படிக்கும் மகனையும் பரிசோதிக்கச் சொன்னார் மருத்துவர். தம்பிக்கு எல்.டி.எல். 160; அவனும் இப்போது அதே மருத்துவரிடம்தான் போகிறான். மகனுக்கு அடுத்த விடுமுறையில் இரத்தம் எடுக்க வேண்டும்.