ஒரே பெயர், வேறு வேலை

நூலகத்தில் பட்டியல் பிரிவு என்றால் புத்தக விவரங்களைத் தட்டிக்கொண்டிருக்கும் வேலை என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். உண்மையில் பாதி நேரம் ஆளைப் பிரிக்கும் வேலை. புது வரவு மேசைக்கு வந்ததும் ஆசிரியர் பெயரை அப்படியே பதிந்துவிட்டுப் போக முடியாது. அதே பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரா, இருந்தால் இவர் அவர்தானா என்று பார்த்தாக வேண்டும். இதற்கென்றே அத்தாரிட்டி ஃபைல் என்று ஒன்று வைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஒரு பதிவு. பெயர், பிறந்த ஆண்டு, இறந்திருந்தால் அந்த ஆண்டு, எழுதிய வேறு பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும்.

பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், "தொழிலைப் பார்த்தால் தெரிந்துவிடாதா சார்?" என்று கேட்பார்கள். சில சமயம் தெரிந்துவிடும். பிரான்சிஸ் பேக்கன் என்று ஒரு தத்துவ அறிஞர், 1561 முதல் 1626 வரை வாழ்ந்தவர். அதே பெயரில் ஓர் ஓவியர், 1909இல் பிறந்து 1992இல் இறந்தார். இவர்களைப் பிரிக்க யாரும் மெனக்கெட வேண்டாம். கூடைப்பந்து மைக்கேல் ஜோர்டானுக்கும், பெர்க்லியில் இயந்திரக் கற்றல் துறையில் பெரிய பெயரெடுத்த பேராசிரியர் மைக்கேல் ஜோர்டானுக்கும் குழப்பம் வருவதில்லை. பேராசிரியர் நடுவில் 'ஐ' என்ற எழுத்தைச் சேர்த்துத்தான் கட்டுரைகளில் பெயர் போடுவார். மைக்கேல் ஜாக்சன் கொஞ்சம் வேடிக்கை. பாடகரைத் தவிர, பியரையும் விஸ்கியையும் பற்றியே எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஒருவரும் அந்தப் பெயரில் இருந்தார். அவர் இறந்தது 2007, பாடகர் இறந்தது 2009. பாடகரின் வாழ்க்கைக் கதை என்று நினைத்து எடுத்துப் போகிறவருக்கு விஸ்கியை எப்படிச் சுவைப்பது என்ற பாடம் கிடைக்கும். நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது.

தொழிலை வைத்துப் பிரிக்கலாம் என்று நம்புகிறவர்களிடம் நான் வின்ஸ்டன் சர்ச்சிலை எடுத்துக் கொடுப்பேன். 1871இல் பிறந்த ஒருவர் அமெரிக்க நாவலாசிரியர். 1874இல் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரதமரானவர். ஒருவர் எழுத்தாளர், மற்றவர் அரசியல்வாதி என்று எழுதிவிட்டுப் போகலாம் என்று தோன்றும். ஆனால் பிரிட்டிஷ்காரரும் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். 1953இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியதும் அவர்தான். அமெரிக்கரோ நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்திருக்கிறார், 1906இல் ஆளுநர் பதவிக்கு முயன்று கிடைக்காமல் போயிருக்கிறது. ஒருவர் தரைப்படைப் பயிற்சி பெற்றவர், மற்றவர் கடற்படைப் பயிற்சி பெற்றவர். இது போதாதென்று இருவரும் படம் வரைவார்கள். எந்தத் தொழிலைச் சொல்லி எங்கே பிரிப்பது?

இந்தச் சிக்கலை அவர்களே 1899இல் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அப்போது புத்தக உலகத்தில் பெரிய பெயர் அமெரிக்கருடையது. இங்கிலாந்துக்காரர் இருபத்தைந்து வயதுகூட ஆகாத இளைஞர். சர்ச்சில் சர்ச்சிலுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கும் ஒரு கடிதம் எழுதி, இனி என் நூல்களில் ஸ்பென்சர் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு நடுப்பெயர் ஒன்று இருந்திருந்தால் நானே அதைச் சேர்த்திருப்பேன் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு பாஸ்டனில் இருவரும் நேரிலும் சந்தித்தார்கள். எல்லா எழுத்தாளர்களும் இப்படித் தங்களுக்குள் முடித்துக்கொண்டால் எங்கள் பிரிவையே மூடிவிடலாம்.

தமிழில் இந்த விஷயம் இன்னும் சுவாரசியமாகப் போகும். ரா. கி. ரங்கராஜன் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்ததால், எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் தன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஒரு குழப்பம் தீர்ந்தது. ஆனால் சுஜாதா என்று நடிகை ஒருவர் இருந்தார், பாடகி ஒருவர் இருக்கிறார். போதாக்குறைக்கு, ரா. கி. ரங்கராஜனும் தன் பெயரோடு நிற்காமல் சூர்யா உள்ளிட்ட பல புனைபெயர்களில் எழுதினார். பின்னாளில் சரவணன் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால், இன்னொரு சரவணன் சூர்யா என்ற பெயரில் திரைக்கு வந்தார். ரிசர்வ் வங்கியின் ஆளுநராக 1992 முதல் 1997 வரை இருந்தவர் சி. ரங்கராஜன். அவர் யாருக்கும் வழிவிட்டுப் பெயரை மாற்றவில்லை. பொருளாதார நூல்களோடு பத்திரமாக இருக்கிறார்.

ராமானுஜன் என்று மட்டும் அட்டையில் இருந்தால், கணிதமா சங்கப் பாடலா என்று உள்ளே திறந்து பார்க்க வேண்டியதுதான். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ. கே. ராமானுஜனின் தந்தை கணிதப் பேராசிரியர் என்பது கூடுதல் தமாஷ்.

எங்கள் பிரிவில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர் அட்டையை நம்பவே மாட்டார். நேராக நன்றியுரைக்குப் போவார். "பொய் சொல்றவன்கூட நன்றி சொல்லும்போது பொண்டாட்டி பேரை மாத்திச் சொல்ல மாட்டான்யா" என்பார். மனைவி பெயர், வேலை பார்த்த இடம், ஆசிரியராக இருந்தவர் பெயர், தட்டச்சு செய்து கொடுத்தவர் பெயர் எல்லாம் அங்கே கிடைக்கும். இரண்டு புத்தகங்களின் நன்றியுரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முக்கால்வாசி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது ஆய்வாளர்களுக்கு ஆர்க்கிட் (ORCID) என்ற அடையாள எண் வந்துவிட்டது. 2012இல் தொடங்கிய ஏற்பாடு. ஆளுக்கொரு 16 இலக்கம். பெயர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம், எண் ஒருவருக்குத்தான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவரவர் போய்ப் பதிவு செய்துகொண்டால்தான் உண்டு. பழைய நாவலாசிரியர்களும் நாடகக்காரர்களும் எங்கே போய்ப் பதிவார்கள்? அவர்களுக்கு நாங்கள்தான்.

இருவரை ஒருவராக ஒட்டிவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான பிழை. ஒருவரை இருவராகப் பிரித்துவிட்டால் ஒரு நாள் யாராவது பார்த்துச் சேர்த்துவிடலாம். ஒட்டியதைப் பிரிக்க ஒவ்வொரு பதிவாகத் திறந்தாக வேண்டும். ஒரு கூட்டுப் பட்டியலில் கணினியே பெயர்களைச் சேர்த்துக்கொண்டுபோனதில், நீரிழிவு பற்றி எழுதும் மருத்துவர் ஒருவர், எப்போதோ காலமான ஒரு நாடக ஆசிரியரோடு ஒட்டிக்கொண்டார். மருத்துவரின் புத்தகங்களுக்கெல்லாம் இறந்த ஆண்டு வந்துவிட்டது. தொலைபேசியில் அழைத்தார். "சார், நான் இன்னும் சாகலை. ஒரு டாக்டருக்கு இதைவிட மோசமான விளம்பரம் வேணுமா?"

பிரித்துக் கொடுத்தோம். அடையாளத்துக்குப் பிறந்த ஆண்டு கேட்டபோது, வயதை எல்லாம் எதற்கு ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று மறுத்துவிட்டார். சரி, விதிப்படி தொழிலைப் போடலாம் என்று பெயருக்குப் பக்கத்தில் 'மருத்துவர்' என்று சேர்த்தோம். அவருக்கும் சந்தோஷம். சில மாதம் கழித்து, நன்றி என்று கையெழுத்திட்டுத் தன் புதுப் புத்தகத்தை அனுப்பி வைத்தார். காதல் கவிதைகள். எங்கள் பட்டியலில் அதற்கும் ஆசிரியர் இடத்தில் மருத்துவர் என்றுதான் இருக்கிறது.