மதுரையில இருந்து பார்டர் வரைக்கும்: பேர் பெத்த ஊருங்க

முதல்ல அந்த பஸ்ஸைப் பத்தி சொல்லிடுறேன், இல்லன்னா மத்த எதையும் நிம்மதியா எழுத முடியாது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல தென்காசி போர்டு பாத்து ஏறுன ஒரு தனியார் பஸ். "எக்ஸ்பிரஸ் சார், எங்கயும் நிக்காது"ன்னு சொல்லித்தான் ஏத்துனாங்க, ரிங் ரோட்டைத் தாண்டுறதுக்குள்ளயே கை காட்டுன இடத்துல எல்லாம் நிறுத்த ஆரம்பிச்சாச்சு. சாய்ஞ்ச சீட்டு நிமிரல, ஜன்னல் கண்ணாடி பாதியில மாட்டிக்கிட்டு மேலயும் போகல கீழயும் வரல, ஸ்பீக்கர் சரியா என் தலைக்கு மேல. டிக்கெட் மட்டும் அரசு பஸ்ஸை விட 40 ரூபா ஜாஸ்தி. ஏன்னு கேட்டா கண்டக்டர் பதிலே சொல்லல. காசு எண்ணிப் பயணம் போறவங்க தயவுசெஞ்சு அரசு பஸ்லயே போங்க, அதுல நிக்குறதும் இதுல உக்காருறதும் ஒண்ணுதான்.

ஆனா இந்தப் பயணத்துல எனக்குக் கிடைச்ச சந்தோஷம் மொத்தமும் அதே ரோட்டுலதான். மதுரை, திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை. இந்தப் பேருங்களைத் திருப்பி வாசிச்சுப் பாருங்க. பாதி பேர் ஊரைத் தாண்டி எப்பவோ வெளிய போயிருச்சு. ஒண்ணு இனிப்பு, ஒண்ணு நாய், ஒண்ணு ஓட்டுக்குத் துட்டு. ஊரைப் பாக்காதவங்க கூட அந்தப் பேரை தினமும் பேச்சுல போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

திருமங்கலத்துல பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர் ஏறுனார். அதே ஊர்க்காரர். பேச்சு கொடுத்தேன். 2009 ஜனவரில அங்க ஒரு இடைத்தேர்தல் நடந்துச்சுல்ல, அதுக்கப்புறம் எங்க ஓட்டுக்குப் பணம் குடுத்தாலும் பேப்பர்லயும் டிவிலயும் "திருமங்கலம் ஃபார்முலா"தான். அவர் சொன்னார், "சம்பந்தம் பேசப் போனாக்கூட 'ஓ, திருமங்கலமா'ன்னு ஒரு சிரிப்பு சிரிக்கிறாய்ங்க தம்பி. நாங்க பாட்டுக்கு கடை வச்சுப் பொழைக்கிறோம், எங்க பேரை ஏன் புடிச்சுக்கிட்டு தொங்குறாய்ங்க?" எனக்கு பதில் சொல்ல வரல. ஏன்னா நானே அந்த வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லிருக்கேன், எல்லாரும் சொல்றோம். கூவத்தூருக்கும் இதே கதிதான், 2017 பிப்ரவரில அணி மாறிடக் கூடாதுன்னு அதிமுக எம்எல்ஏக்களை அங்க ஒரு ரிசார்ட்ல தங்க வச்சாங்க, அதோட எந்த மாநிலத்துல எம்எல்ஏவை பஸ்ல ஏத்துனாலும் நமக்கு அது "கூவத்தூர்". ஈசிஆர்ல இருக்குற ஒரு சின்ன கடலோர ஊரு அது, அங்க இருக்குற ஜனங்களுக்கும் அந்த ரிசார்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதுலயே எனக்கு ரொம்பக் கோபம் வர்றது கீழ்ப்பாக்கம். 1794ல இருந்து மனநலம் பாக்குற ஆஸ்பத்திரி அது, எத்தனை தலைமுறை குடும்பங்க அங்க போய் மருந்து வாங்கி ஆளைத் திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்கும், நாம என்னடான்னா கோபத்துல "நீ கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு ஈசியா சொல்லிட்டுப் போறோம். அதைக் கேக்குற பக்கத்து வீட்டுக்காரர் மகனை அங்க கூட்டிட்டுப் போயிட்டு வந்தவரா இருந்தா அந்த வார்த்தை அவரை என்ன பண்ணும்? ஒரு ஊர் தன் கையால செஞ்ச பொருளால பேர் வாங்குறது வேற, எவனோ வந்து பண்ணுன காரியத்துக்கோ, ஒருத்தரோட நோய்க்கோ அந்த ஊர் பேரை ஒட்டி விடுறது வேற. இந்த ரோட்டுல ரெண்டையும் பாத்துட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கிறதுக்குள்ள பால்கோவா கூடை உள்ள வந்துருச்சு. கூவுறவர் "கோவா"ங்குற வார்த்தையைச் சொல்லவே இல்ல, "வில்லிபுத்தூர் வில்லிபுத்தூர்"னுதான் கூவுறார், வாங்குறவங்களும் "ரெண்டு வில்லிபுத்தூர் குடுங்க"ன்னுதான் கேக்குறாங்க. அந்த ஊர்லயே நின்னுக்கிட்டு ஊர் பேரை விலை பேசுறாங்க! 2019ல புவிசார் குறியீடு வாங்குனது இந்தக் கோவா. ஆனா பஸ்ல வர்றதை வாங்காதீங்க, நான் வாங்குனது சர்க்கரையா கரகரன்னு இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் இறங்குனா கடையில வாணலில இருந்து எடுத்த சூட்டோட கிடைக்கும், பழுப்பு ஏறி, விரல்ல எடுத்தா ஒட்டாம திரண்டு வரும், அதுதான் வில்லிபுத்தூர். வழியில இருக்குற ஆண்டாள் கோயிலுக்குப் போக நேரம் இல்ல, அது தனிப் பயணம்.

அடுத்து ராஜபாளையம். முன் சீட்டுல ஒரு பையன், ஏழு எட்டு வயசு இருக்கும், போர்டைப் படிச்சுட்டு "அப்பா இங்க எல்லாரும் நாய் வச்சிருப்பாங்களா"ன்னு சத்தமா கேட்டான். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அவன் கேட்டது நியாயம்தான், அவனுக்கு ராஜபாளையம்னா நாய் மட்டும்தான். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டுன வயிறு. நம்ம நாட்டு நாய் எல்லாத்துக்கும் ஊர்தான் பேரு போல, சிப்பிப்பாறையும் ஊருதான், கோம்பையும் ஊருதான். "வீட்டுல ஒரு ராஜபாளையம் நிக்குது"ன்னு சொன்னா எந்த ஊர்க்காரனுக்கும் புரியும், 2005ல தபால் தலையிலயே வந்த நாய் அது. ஊருக்குள்ள பாத்தா பஞ்சு மில்லும் பேண்டேஜ் துணியும்தான் பொழப்பு, நாயைக் கண்ணுல பாக்கக்கூட கிடைக்கல. பையனுக்கு ஏமாத்தமாத்தான் இருந்திருக்கும்.

புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் தூக்கத்துல போச்சு. எந்திரிச்சப்ப மூஞ்சில சாரல். அந்த மூடாத ஜன்னல் அதுக்கு மட்டும் உதவுச்சு.

தென்காசி கோயிலைப் பத்தி நிறைய எழுதணும்னு இருந்தேன், ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். தென்காசிங்குற பேரே இன்னொரு ஊர் பேரை வாங்கி வச்சதுதான். 15ஆம் நூற்றாண்டுல பராக்கிரம பாண்டியன் கட்டுனது, காசிக்கு நடந்து போற ஜனங்க வழியிலயே செத்துப் போறாங்க, அதனால இங்கயே ஒரு காசி வேணும்னு சிவன் கனவுல சொன்னதா தல வரலாறு. சிவகாசியும் அதே மாதிரிதான், காசில இருந்து லிங்கம் வந்த ஊர்னு கதை. ஆக நம்ம ஆளுங்களுக்கு காசிங்குறது ஒரு ஊரே இல்ல, புண்ணியத்துக்கு ஒரு பேரு, அதை எங்க வேணும்னாலும் நட்டு வளர்க்கலாம். அந்த ராஜா கல்வெட்டுல இன்னொண்ணும் எழுதி வச்சிருக்கான், இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து அதை யார் வந்து சரி பண்ணுனாலும் அவங்களை நான் பணியுறேன்னு. பிளந்து நின்ன கோபுரத்தை திரும்ப எழுப்பி 1990ல குடமுழுக்கு பண்ணுனாங்க. வாசல்ல நின்னா காத்து ஆளைத் தள்ளும், அந்த ராஜா கும்பிட்டது இவங்களைத்தானேன்னு நினைச்சப்ப சிலிர்த்துருச்சு.

வெளிய வந்ததும் ஆட்டோ. குற்றாலம் அஞ்சாறு கிலோமீட்டர்தான், 300 ரூபா கேட்டார். டவுன் பஸ்ல போனா 10 ரூபா சொச்சம். "ஏன் அண்ணாச்சி இவ்வளவு"ன்னா, "சீசன்லா சார்"னு ஒரே பதில். இந்த சீசன்ங்குற வார்த்தையையே குற்றாலம் முழுங்கிருச்சு பாருங்க, தென்காசிப் பக்கம் "சீசன் எப்படி இருக்கு"ன்னா மாம்பழமும் இல்ல கல்யாணமும் இல்ல, அருவில தண்ணி விழுதான்னுதான் அர்த்தம். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை, செங்கோட்டைக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து உள்ள வந்து சாரலைக் கொட்டுற காலம். நான் 150க்கு மேல தரமாட்டேன்னு நின்னேன், அவர் 200க்கு கீழ வரமாட்டேன்னு நின்னார், கடைசில பஸ்ல ஏறிட்டேன். பத்தே நிமிஷத்துல வந்துச்சு பஸ், யாரும் அவசரப்பட்டு ஆட்டோல ஏறாதீங்க.

மெயின் அருவில தண்ணி நேரா தலையில விழாது, நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளத்துல விழுந்து, பொங்கி, அப்புறம்தான் நம்ம மேல விழும். அந்த வேகம் குறைஞ்சு வர்றதாலதான் நிக்க முடியுது. முதுகுல அது விழுந்ததும் பஸ் கோபம், ஆட்டோ கோபம் எல்லாம் போச்சு. இப்படி ஒரு அருவி இருந்தா பேர் பரவாம என்ன செய்யும். சிறுவாணிப் பக்கம் இருக்குறது கோவைக் குற்றாலம், திற்பரப்பு குமரிக் குற்றாலம், மாடியில டேங்க் நிரம்பி வழிஞ்சாக்கூட "என்ன குற்றாலமா கொட்டுது, மோட்டாரை அமத்து"ன்னு வீட்டுல சத்தம் போடுறாங்க. தமிழ்ல அருவிக்கு இன்னொரு பேரே குற்றாலம்தான்னு அடிச்சு சொல்வேன்.

இனி பார்டர். சாயங்காலம் அங்கதான் போனேன், இந்தப் பதிவை எழுத வச்சதே அதுதான். செங்கோட்டைக்கு முன்னாடி பிரானூர், பரோட்டாக் கடைங்களுக்குப் பேர் போன இடம், அங்க இறங்கி "பார்டர்"னு கேட்டா போதும். ஆனா அங்க எந்த பார்டரும் கிடையாது! கேரளா எல்லை அதுக்கும் மேற்க, புளியரை செக்போஸ்ட் தாண்டித்தான். செங்கோட்டை முன்ன திருவிதாங்கூர்ல இருந்த ஊரு, அப்ப எல்லை இந்த பிரானூர்லதான், 1956 நவம்பர் 1ல மாநிலங்களைப் பிரிச்சப்பதான் நம்ம பக்கம் வந்துச்சு. எல்லை மேற்க நகர்ந்து போயிருச்சு, பேர் நகரல. இப்ப அந்த "பார்டர்" சென்னை வரைக்கும் போர்டுல தொங்குது, எந்த பார்டர்னு சாப்பிடுறவங்களுக்குத் தெரியாது, பார்டர்னா ஒரு மாதிரி பரோட்டா, அவ்வளவுதான். ஒரு சர்க்கார் போட்ட கோடு அழிஞ்சு 60 வருஷத்துக்கு மேல ஆகியும் சால்னா அதைக் காப்பாத்தி வச்சிருக்கு. நான் அந்த இடத்துல நின்னு ரோட்டை ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே இருந்தேன், லாரியா போகுது, ஒரு கல் கூட இல்ல.

பரோட்டா உள்ளங்கை அளவுதான் இருக்கு. கல்லுல இருந்து எடுத்து அடுக்கி, ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல அடிச்சு உதிர்த்து, வாழையிலையில போட்டு மேல சால்னா. மேல மொறுமொறுப்பு, உள்ள ஏடு ஏடா பிரியுது. கூட நாட்டுக்கோழி, எலும்போட, மிளகு காரம் காதுல ஏறுது. காடை வறுவல் விலையைப் பாத்து முதல்ல வேணாம்னுட்டேன், பக்கத்து டேபிள்ல வந்ததைப் பாத்ததும் சொல்லிட்டேன், பட்ஜெட் அங்க உடைஞ்சுது, கொஞ்சமும் வருத்தம் இல்ல. சென்னையில இதே பேர்ல சாப்பிட்டதை எல்லாம் பரோட்டா கணக்குல இருந்தே எடுத்துட்டேன். பரிமாறுன அண்ணாச்சி "சால்னா இன்னும் ஊத்தவா, வெக்கப்படாம கேளுங்க"ன்னு ஊத்திக்கிட்டே இருந்தார்.

போறவங்க ஏழு மணிக்குள்ள போயிடுங்க, எட்டரைக்கு மேல காடை தீர்ந்துரும், வரிசையும் ரோடு வரைக்கும் வந்துரும். அங்க இருந்து தென்காசிக்கு ராத்திரியும் பஸ் இருக்கு, ரூம் தென்காசிலயே போடுங்க, சீசன்ல குற்றாலத்துல கேக்குற வாடகையில பாதிதான் ஆகும்.