கொடைக்கானல் ஏரியில் ஒரு தண்டலும் இரண்டு பாய்மரப் படகுகளும்

வத்தலக்குண்டு தாண்டியதுமே பெரியப்பா குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. முப்பது வருடம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். மலை ஏறுவது இதுதான் முதல் தடவை. கொண்டை ஊசி வளைவுகளில் நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, அவர் பஸ் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்த்தபடி சுகமாக வந்தார்.

இந்தப் பயணத்துக்கு ஒரு சாக்கும் இருந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் ஒரு பாய்மரப் படகு வாங்கப் போகிறான். விடுமுறை நாட்களில் பிரான்ஸ் கரைவரை போய்வர வேண்டும் என்று ஆசை. அவன் பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று 1970களில் கட்டிய கான்டெஸா 32. மற்றது 2019இல் அறிமுகமான பெனட்டோ ஓஷியானிஸ் 30.1. இரண்டின் வரைபடங்களையும் அனுப்பி, "பெரியப்பாவிடம் காட்டு" என்றிருந்தான். அவர் பதில் சொல்லாமல் ஒரு வாரம் இழுத்தடித்தார். சரி, காற்று மாறினால் வாய் திறப்பார் என்று கூட்டிவந்தேன்.

ஏரியில் துடுப்புப் படகு எடுத்தோம். ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, படகின் பக்கவாட்டை விரல் கணுவால் தட்டிப் பார்த்தது. டக், டக், டக். ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி தட்டினார். "இங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்" என்றார். படகோட்டும் தம்பி சிரித்துக்கொண்டே, "போன வருடம் படித்துறையில் இடித்தது ஐயா" என்றார்.

இந்த ஏரியே செய்து வைத்ததுதான். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடைக்குக் கரை கட்டி உண்டாக்கியது. முதல் படகை அவர் வரவழைத்தது தூத்துக்குடியிலிருந்து. இதைச் சொன்னதும் பெரியப்பா குல்லாவைத் தூக்கிக் காதைத் திறந்துகொண்டார். "எப்படி மேலே ஏற்றினார்கள்?" மோட்டார் போகும் சாலை வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்தைய கதை அது. ஆள் தோளில்தான் வந்திருக்கும் என்றேன். "அப்படியானால் சின்னப் படகுதான்" என்று அதோடு விட்டுவிட்டார்.

நடு ஏரியில்தான் போனை வாங்கி வரைபடங்களைப் பார்த்தார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அகலக் கணக்கு. பழையது சுமார் 2.90 மீட்டர், புதியது 2.99. ஒரு சாண்கூட வித்தியாசமில்லை. பிறகு ஏன் ஒன்று வீடு மாதிரியும் மற்றது இடைகழி மாதிரியும் இருக்கிறது? பெரியப்பா திரையில் விரலை ஓட்டிக் காட்டினார். கான்டெஸா மாவிலை மாதிரி, நடுவில் அகன்று இரண்டு முனையிலும் ஒடுங்குகிறது. ஓஷியானிஸ் இஸ்திரிப் பெட்டி. மூக்கு மட்டும் கூர், அப்புறம் பின்பக்கம் வரை அகலம் குறைவதே இல்லை. அந்தப் பின்பக்கத்தில்தான் இரட்டைப் படுக்கை அறை, கழிப்பறை எல்லாம் அடங்குகின்றன. ஆறடி ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். நீளத்தில் பழையதைவிடக் குட்டை என்பதுதான் வேடிக்கை.

"இதற்கு ஏன் இரண்டு சுக்கான்?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். காற்றில் படகு சாயும்போது அகலமான பின்பக்கத்தின் ஒரு ஓரம் மேலே தூக்கும். நடுவில் ஒரே சுக்கான் இருந்தால் அதுவும் தண்ணீரை விட்டு எழும்பிவிடும். அதனால் பக்கத்துக்கு ஒன்று. "ஆனால் மிதக்கிற கட்டையில் மோதினால் முதலில் போவது இதுதான். பழையதைப் பார், சுக்கானுக்கு முன்னால் ஒரு பலகை காவல் நிற்கிறது."

நான் கான்டெஸா கட்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்மரப் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று. அது அசென்ட் என்ற கான்டெஸா 32. மொத்த எடை சுமார் 4,300 கிலோ, அதில் ஏறக்குறைய பாதி அடிப்பாரம். கவிழ்ந்தாலும் தஞ்சாவூர்ப் பொம்மை போல எழுந்துவிடும். இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும்வரை பெரியப்பா தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டிருந்தார்.

"புதியதை வாங்கச் சொல்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரத் தோணியில் வாழ்ந்தவர், பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்தவர் சொல்கிற வார்த்தையா இது?

"புயலுக்குப் பழையதுதான். யார் இல்லை என்றது? ஆனால் இவன் புயலில் போகப் போகிறானா? சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவன். பாதி நேரம் நங்கூரத்தில்தான் கிடப்பான். அவன் பெண்டாட்டி, பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டாமா? முப்பது வருடம் குனிந்தே சமைத்து, குனிந்தே தூங்கி, என் முதுகைப் பார்."

அந்த முதுகை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்துவருகிறேன். இருந்தாலும் விடவில்லை. பழையதன் விலை புதியதில் சிறு பங்குதானே என்றேன். அதற்குள் மூஞ்சிக்கல் பக்கமிருந்து மூடுபனி இறங்கி, கரையில் நின்ற குதிரைகள் முதலில் மறைந்தன, பிறகு மரங்கள். தம்பி படகைத் திருப்பினார்.

கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றோம். மலைப்பூண்டு இரண்டு கிலோ வாங்கினோம், பெரியம்மா உத்தரவு. அறைக்கு வந்ததும் பெரியப்பா என் போனை வாங்கி, கம்பளிக்குள் இருந்தபடியே சித்தப்பா மகனுக்குக் குரல் பதிவு அனுப்பினார். "பணம் பேசுவதற்கு முன்னால் மேல்தளம் முழுக்க ஒரு ஸ்பூனால் தட்டு. கிண்ணென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கண்ணை நம்பாதே."

நாங்கள் ஊர் திரும்பிய நான்காம் நாள் பதில் வந்தது. கான்டெஸாவில் பாய்மரம் ஊன்றிய இடத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மொத்தென்று கேட்கிறதாம். விற்பவர் விலையைக் குறைக்கத் தயாராம். அவனுக்கு இப்போது அந்தப் படகுதான் வேண்டுமாம்.

பெரியப்பா அதைக் கேட்டுவிட்டு, எவ்வளவு குறைக்கிறார் என்று கேட்கச் சொன்னார்.