இரண்டு வரவே மாட்டேங்குது

ஆய்வு மாணவர்கள் ஓர் அசமன்பாட்டை நிரூபித்துக் கொண்டு வந்தால் நான் முதலில் கேட்பது, "சரி, இந்த மாறிலியை இன்னும் குறைக்க முடியாதுன்னு எப்படித் தெரியும்?" என்றுதான். நிரூபணத்தை முடித்த சந்தோஷத்தில் வருபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் எங்கள் துறையில் பாதி வேலை அந்தக் கேள்வியில் இருக்கிறது.

சீசரோ செயலி செய்வது எளிய காரியம்: ஒரு தொடர்வரிசையின் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்துவிட்டு, அதுவரை வந்த உறுப்புகளின் சராசரியை அங்கே வைக்கும். வர்க்கங்களின் கூடுதல் முடிவுள்ளதாக இருக்கும் தொடர்வரிசைகளின் வெளியில் அதன் நார்ம் 2. அதாவது, ஒரு தொடர்வரிசையின் அளவை (வர்க்கங்களின் கூடுதலுக்கு வர்க்கமூலம்) இந்தச் செயலி எத்தனை மடங்கு வரை பெருக்கலாம் என்பதன் எல்லை 2. இது ஹார்டியின் அசமன்பாடு. வர்க்கத்துக்குப் பதில் வேறு அடுக்குகளை வைத்தால் வரும் சரியான மாறிலியை ஜெர்மன் கணிதர் லாண்டாவ் 1921-இல் ஹார்டிக்கு ஒரு கடிதத்தில் எழுதியனுப்பினார். சென்னைக்கும் இந்த மரபில் பங்கு உண்டு. ஹார்டியிடம் படித்துவிட்டு மாநிலக் கல்லூரிக்கு வந்த ஆனந்தராவின் மாணவர்கள்தான், பின்னாளில் சென்னையின் ராமானுஜன் கணித நிறுவனத்தை அடுத்தடுத்து நடத்திய விஜயராகவனும் ராஜகோபாலும்.

ஒரு மாணவி இந்த 2-ஐக் கணினியில் பார்த்துவிட ஆசைப்பட்டார். முதல் ஆயிரம் உறுப்புகளுக்கு மட்டும் செயலியை ஆயிரத்துக்கு ஆயிரம் அணியாகப் போட்டார், அதன் நார்ம் 1.8-ஐக்கூடத் தொடவில்லை. "மேடம், இரண்டு வரவே மாட்டேங்குது. மாறிலி 1.8-ஆக இருக்குமோ?" நியாயமான சந்தேகம். அணியின் அளவைப் பத்து லட்சமாக்கினாலும் 1.9 பக்கம்தான் நிற்கும். 2-க்கு உள்ள இடைவெளி, அளவின் மடக்கையை வர்க்கப்படுத்தி அதற்கேற்பத்தான் குறைகிறது. அதைவிட மெதுவாக நகரும் கணக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

கணினியை ஓரமாக வைத்துவிட்டு, வரிசை எண்ணின் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்து ஒரு தொடர்வரிசை எழுதச் சொன்னேன். அதன் சராசரிகள் போகப்போக அந்தந்த உறுப்பின் இரு மடங்கை நெருங்கும். அது நம் வெளிக்குள் இல்லை. வர்க்கங்களைக் கூட்டினால் இசைத்தொடர் (1 + 1/2 + 1/3 + …) வந்து முடிவில்லாமல் விரிந்துவிடும். ஆனால் அதைவிடத் துளி வேகமாகக் குறையும் ஒன்றை எடுத்தால் வெளிக்குள் வந்துவிடும், விகிதமும் 2-க்கு எவ்வளவு வேண்டுமானாலும் அருகில் போகும். 2-ஐ எட்டும் தொடர்வரிசை எதுவும் கிடையாது. 2-க்குக் கீழே மாறிலியும் கிடையாது.

எடை போட்டால் கதை இன்னும் சுவாரசியம். வரிசை எண்ணை ஓர் அடுக்குக்கு உயர்த்தி எடையாக வைப்போம், அதாவது கூட்டுவதற்கு முன் ஒவ்வோர் உறுப்பின் வர்க்கத்தையும் அதால் பெருக்குவோம். கூடுதலுக்குப் பதில் தொகையீடு வரும் வடிவத்தில், 1-இலிருந்து அந்த அடுக்கைக் கழித்து வந்ததால் 2-ஐ வகுத்தால் நார்ம். அடுக்கு 1 ஆனால் எல்லாம் முடிந்தது: முதல் உறுப்பு 1, மற்றவை பூச்சியம் என்ற தொடர்வரிசையின் சராசரிகளுக்கே எடையிட்ட கூடுதல் விரிந்துவிடும்.

பலர் இந்தச் சூத்திரத்தை அப்படியே கூடுதலுக்கும் எழுதிவிடுகிறார்கள். மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரைகளில் நான் தேடிப் பார்ப்பது இதைத்தான். அடுக்கை -3 என்று வையுங்கள். சூத்திரம் அரை என்கிறது. ஆனால் 1, 1, 1 என்று போகும் தொடர்வரிசை அந்த எடையிட்ட வெளிக்குள் தாராளமாக இருக்கிறது, அதன் சராசரியும் அதுவேதான். அப்புறம் நார்ம் எப்படி 1-க்குக் கீழே போகும்?

இதைக் கேட்டதும் அந்த மாணவி, அடுக்கு -1-ஐத் தாண்டிக் கீழே போனாலே சூத்திரம் 1-க்குக் கீழே இறங்கிவிடுவதைத் தானே கண்டு சொன்னார். அவருடைய இரண்டாம் அத்தியாயம் அங்கேதான் தொடங்கியது.