மச்சிலிப்பட்டினத்துத் துணி போட்ட லண்டன் கட்டில்

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போகும் நம்மூர்க்காரர்கள் நேராகத் திப்பு சுல்தானின் புலிப் பொம்மையிடம் போய் நிற்பார்கள், ஒரு செல்ஃபி எடுப்பார்கள், அப்புறம் நகைக் கூடம். நான் போனது மேசை நாற்காலி பார்க்க. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நம் வீட்டுப் பழைய பீரோவையே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இதற்காகவா விமானம் ஏறிப் போனாய் என்று கேட்கிறார்கள். பழைய மரச்சாமான் பைத்தியம் பிடித்தவர்களுக்கு உலகத்தில் இதைவிட நல்ல இடம் அதிகம் இல்லை. சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து ஒரு நீண்ட நடைச் சுரங்கம் மியூசியத்திலேயே கொண்டுபோய் விடும். மழையைப் பற்றிக் கவலையில்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது. வெள்ளிக்கிழமை இரவு 10 மணி வரை திறந்திருக்கும்; மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் போனபிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஆறாம் நிலைக்கு ஏறிவிடுங்கள். 2012இல் திறந்த மரச்சாமான் கூடம் அங்கே இருக்கிறது. எந்த ராஜா காலத்தது என்று பார்த்து அடுக்காமல், வேலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள்: கடைசல், செதுக்கல், மெல்லிய மரத் தகடு ஒட்டுவது, அரக்குப் பூச்சு என்று. இங்கே ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுக் கீழே பிரிட்டிஷ் கூடங்களுக்கு இறங்கினால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். முன்பக்கப் பளபளப்பை விட்டுவிட்டு, இழுப்பறையின் மூலையைத் தேட ஆரம்பித்துவிடும்.

அந்த மூலையில்தான் விஷயம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் பீரோ ஒன்றின் முகம் மகோகனியாக இருக்கும். உள்ளே இழுப்பறையின் பக்கங்கள் ஓக், முதுகுப் பலகை பைன். விலை உயர்ந்த மரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும். இரண்டு பலகைகள் சேரும் மூலையில் பல்லோடு பல் கோத்த டவ்டெயில் மூட்டு. உற்றுப் பார்த்தால் பற்கள் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று சற்று அகலம், அடுத்தது ஒடுக்கம், கடைசிப் பல் மிச்சமிருந்த இடத்துக்குள் ஒடுங்கி நிற்கும். வெட்டுவதற்கு முன் அளவுக்காகக் கீறிய கோட்டை அழிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அது அப்படியே இருக்கிறது. ஒட்டியது வஜ்ரப் பசை, மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. முகத்தில் ஒட்டிய மரத் தகடு கையால் அறுத்தது என்பதால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும். இன்றைய ஃபேக்டரி வினீர் அதில் பாதிகூட வராது. திறந்து வைத்த இழுப்பறை கண்ணில் பட்டால் அடிப்பலகையைக் குனிந்து பாருங்கள். இழைப்புளி ஓடிய தடம் அலை அலையாகத் தெரியும். அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டது, இருநூற்றைம்பது வருடம் கழித்து என்னைப் போன்றவர்கள் குனிந்து பார்ப்பதற்கு ஆகியிருக்கிறது. காவலர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். தொடவில்லை என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இத்தனை மகோகனி எங்கிருந்து வந்தது? 1721இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்க, கரீபியக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. கப்பல் கட்டுவதற்கு மரம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அதே வழியில் ஜமைக்காவின் மகோகனியும் வந்து இறங்கியது. அகலமான பலகை கிடைக்கும், கோணாது, செதுக்கினால் ஓரம் உதிராது, தச்சர்கள் விடுவார்களா? அந்த மரங்களைக் காட்டில் வெட்டிச் சாய்த்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். நான் பார்த்த குறிப்பட்டைகளில் மரத்தின் பெயர் தவறாமல் இருந்தது, வெட்டியவர்களைப் பற்றி அதிகம் இல்லை.

இந்தக் கூடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிற பெயர் தாமஸ் சிப்பண்டேல். யார்க்ஷரில் ஆட்லி என்ற ஊரில் 1718இல் பிறந்த தச்சர். 1754இல் 160 படங்களோடு ஒரு மரச்சாமான் மாதிரிப் புத்தகம் போட்டார். அதுதான் அவரை எங்கேயோ கொண்டுபோனது. நாற்காலிக் காலில் பருந்து நகம் ஒரு பந்தைப் பற்றியிருந்தால் போதும், பழம்பொருள் கடைக்காரர்கள் சிப்பண்டேல் என்று சொல்லிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் புத்தகத்தில் அப்படி ஒரு கால்கூட இல்லை. அவரே உளி பிடித்துச் செய்த சாமான் எவ்வளவு என்பதும் சந்தேகம்தான். செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பெரிய பட்டறை வைத்து நடத்திய முதலாளி அவர். 1755இல் அந்தப் பட்டறை தீப்பிடித்தபோது 22 வேலையாட்களின் கருவிப் பெட்டிகள் எரிந்துபோயின. உளியும் ரம்பமும் வேலையாளின் சொந்தச் சொத்து என்பதால், அன்று அவர்களின் பிழைப்பும் சேர்ந்து எரிந்தது. அந்த 22 பேரில் எவர் எந்த நாற்காலியைச் செதுக்கினார் என்பதற்கு நாற்காலியில் ஒரு தடயமும் கிடையாது.

பாரிஸில் கதை வேறு. அங்கே தச்சர் சங்கத்து விதிப்படி, பட்டறை மாஸ்டர் தன் பெயர் முத்திரையைச் சாமானில் அடித்தாக வேண்டும். பிரெஞ்சு மரச்சாமான்கள் கீழ்நிலையில் ஐரோப்பியக் கூடங்களில் இருக்கின்றன. அவற்றில் நிறைய ஜான் ஜோன்ஸ் என்பவர் சேர்த்தது. ராணுவச் சீருடை தைத்துப் பணம் சம்பாதித்த டெய்லர், 1882இல் எல்லாவற்றையும் மியூசியத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். பீங்கான் தகடு பதித்த குட்டி மேசைகள், தங்க முலாம் பூசிய வெண்கலப் பட்டைகள். அழகுதான். எனக்குச் சீக்கிரம் திகட்டிவிட்டது.

பிரிட்டிஷ் கூடத்தில் இருக்கும், பேட்மின்டன் என்ற மாளிகையின் பெயரால் அழைக்கப்படும் பேட்மின்டன் கட்டிலும் அப்படித்தான். 1754 வாக்கில் லண்டனின் லின்னல் பட்டறையில், சீன பாணி என்று நினைத்துக்கொண்டு செய்தது. கோபுரம் மாதிரிக் கூரை, மூலைக்கொரு டிராகன், சிவப்பு அரக்கு. அதில் ஒரு ராத்திரி தூங்குவது நடக்காத காரியம். கிம்போல்டன் அலமாரி இன்னும் ஒருபடி மேலே: ஃபிளாரன்ஸில் 1709இல் செய்த கல் பதித்த படங்களைக் காட்டுவதற்கென்றே கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் வரைந்து கொடுத்த அலமாரி. எதையும் வைப்பதற்கு அல்ல.

நான் அதிக நேரம் நின்றது நான்காம் நிலையில், டேவிட் கேரிக்கின் கட்டிலுக்கு முன்னால். கேரிக் அந்தக் காலத்து லண்டன் நாடக மேடையின் சூப்பர் ஸ்டார். ஹாம்ப்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்காக 1770களில் சிப்பண்டேல் செய்த கட்டில் இது. மகோகனிப் பளபளப்பு கிடையாது, வெள்ளையும் பச்சையும் வர்ணமடித்த எளிய நாலு கால். இதே வீட்டின் துணி அலமாரி ஒன்றும் இருக்கிறது. இளவெள்ளைப் பின்னணியில் பச்சையில் சீனக் காட்சிகள் தீட்டியது. பேட்மின்டன் கட்டிலின் ஆர்ப்பாட்டத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் மனசுக்கு நிம்மதி.

கட்டிலின் திரைத்துணி சோழமண்டலக் கரையில், மச்சிலிப்பட்டினத்தில் தீட்டியது. பூங்கொடிகள். சிவப்பு மங்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் இன்னும் சிவப்புதான். அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தச்சு வேலை பாதி என்று தோன்றும். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு, தீட்டிய கோடு பரவாமல் பிடித்துக்கொள்ளும். கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டிவிட்டு, சாயவேர் போட்ட நீரில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்ளும், மீதி வெளுத்துவிடும். நீலத்துக்கு, நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். பிறகு மெழுகை உருக்கி எடுத்து, மஞ்சளைக் கையால் தீட்ட வேண்டும்; நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்த இடம் பச்சையாகும். ஒரு இலைக்கு இத்தனை சுற்று. ஓரத்தில் ஒரு இலையைக் குனிந்து பார்த்தேன்: மஞ்சள் காலப்போக்கில் போய்விட்டால் பச்சை இலை நீல இலையாக நிற்கும். சின்ட்ஸ் என்று அழைக்கப்படும் இந்த மாதிரிப் பழைய துணிகள் பலவற்றில் இந்த நீல இலைகள் உண்டு.

இந்தத் துணி லண்டன் வந்து சேர்ந்த கதை ருசியானது. கல்கத்தாவில் நாடக அரங்கம் அமைக்க கேரிக் உதவினார் என்பதற்காக அங்கிருந்த ஆங்கில வணிகர்கள் நன்றிக் காணிக்கையாக அவருடைய மனைவிக்கு அனுப்பினார்கள். ஆனால் உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்ற, வர்ணப் பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் போடவும் கூடாது என்று 1721இலேயே சட்டம் வந்திருந்தது. மகோகனிக்கு வழி திறந்த அதே வருடம். பிற்பாடு சட்டம் தளர்ந்தபோதும், இந்தியத் துணிக்குக் கதவு திறக்கவில்லை. 1775இல் சுங்க அதிகாரிகள் துணியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். கேரிக் கருவூல அதிகாரி ஒருவருக்குக் கடிதம் எழுதினார்: பிள்ளைகளுக்காக அழுத விவிலியத்து ராகேல்கூட என் மனைவி அளவுக்கு அழுதிருக்க மாட்டாள் என்ற தோரணையில். நடிகர் அல்லவா! சிப்பண்டேலும் இதில் சளைத்தவர் இல்லை. சில வருடங்களுக்கு முன் பிரான்ஸிலிருந்து முடிக்கப்படாத நாற்காலிச் சட்டங்களை வரவழைத்து, மதிப்பைக் குறைத்துக் காட்டி, அதே சுங்கத்திடம் மாட்டியவர்தான்.

கட்டிலுக்கு முன்னால் இருட்டாக இருக்கிறது, வெளிச்சம் பட்டால் துணி போய்விடும் என்பதால். கண் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் அரை நிமிடம் நின்று, நடிகரின் பெயரையும் தச்சரின் பெயரையும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மூன்றாவது ஆள், துணியைத் தீட்டியவர், பெயரில்லாமல் இருக்கிறார். எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்த முறை லீட்ஸ் பக்கம் ஹேர்வுட் ஹவுஸ் போக வேண்டும். சிப்பண்டேலுக்குக் கிடைத்த மிகப் பெரிய வேலை அது. கரீபியக் கரும்புத் தோட்டங்களிலும் அடிமை வியாபாரத்திலும் பணம் சேர்த்த லாஸெல்ஸ் குடும்பத்து மாளிகை. சாட்டின்வுட் மரத்தில், தந்தம் பதித்த ரோமானியத் தெய்வங்கள் டயானா, மினர்வா உருவங்களோடு அங்கே ஒரு கொமோட், அதாவது உயரம் குறைந்த அலங்கார அலமாரி, இருக்கிறது. 1773இல் சிப்பண்டேல் அதற்கு 86 பவுண்ட் பில் போட்டார். அந்த பில் கிடைத்ததால்தான் அது அவர் பட்டறைச் சாமான் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. லண்டனிலிருந்து லீட்ஸுக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம்; டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் எடுத்தால் விலை கண்ணைக் கட்டும்.