ஆறு பாகை

ஜனவரி 9

காலை ஏழு மணிக்குப் பனிச்சறுக்கு வீராங்கனையின் மீது, அசைவை அளக்கும் உணரிகளைப் பொருத்தினேன்: பூட்ஸ்களின் குதிகால் ஓட்டில் ஒவ்வொன்று, தொடைகளில் ஒவ்வொன்று, இடுப்பில் ஒன்று, தலைக்கவசத்தில் செயற்கைக்கோள் ஆன்டெனா. வெல்க்ரோ பட்டையில் உறைபனி ஏறியிருந்ததால் அது ஒட்ட மறுத்தது. உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்ற வேண்டியிருந்தது. புறப்படும் மேடையில் அவள் பத்து விநாடி அசையாமல் நின்றாள், பிறகு மூன்று முறை குதித்தாள். வரைபடத்தில் ஊசிபோல் எழும் அந்த மூன்று கூர்முனைகளை வைத்துத்தான் எல்லா உணரிகளின் கடிகாரங்களையும் காணொளியோடு பொருத்துகிறேன். அடிபட்ட முழங்காலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரி 10

மூடுபனி. அவள் சுற்றித் திரும்ப வேண்டிய கம்பங்களில் ஒன்றின் அருகே நின்றால் அடுத்த கம்பம் தெரியவில்லை.

ஜனவரி 11

வெளிப்பக்க ஸ்கீயின் உச்ச விளிம்புக் கோணம் (ஸ்கீ பனியில் தன் விளிம்பின் மேல் சாயும் அளவு) வலப்பக்கத் திருப்பங்களில் சராசரியாக 63 பாகை. இடப்பக்கத் திருப்பங்களில் 57. இடப்பக்கம் திரும்பும்போது பாரத்தில் பெரும்பங்கை வலது கால்தான் தாங்குகிறது. வலது முழங்கால்.

மாலையில் பயிற்சியாளர் வந்து, "வரைபடமெல்லாம் வேண்டாம், இவளைப் பந்தயத்தில் இறக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

ஜனவரி 12

தூக்கம் வரவில்லை. கைரோஸ்கோப் தருவது கோணத்தையன்று, கோணம் மாறும் வேகத்தை. அதை விநாடிக்கு விநாடி கூட்டிக்கொண்டே போனால்தான் கோணம் கிடைக்கும், கூட்டும்போது பிழையும் சேர்ந்தே வளரும். விநாடிக்கு 0.1 பாகை என்ற அற்பப் பிழை, ஒரு நிமிட ஓட்டத்தின் முடிவில் சரியாக 6 பாகை ஆகிவிடும். அந்த ஆறைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியைக் கொண்டு திருத்தலாம் என்றால், அது புவியீர்ப்பைத் தனியாகக் காட்டுவது உடல் அசையாமல் நிற்கும்போது மட்டுமே. விநாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் செல்கிறவளுக்குப் பக்கவாட்டு முடுக்கமே புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு இருக்கும்போது, எது கீழ், எது பக்கம் என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்? திசை காட்டும் காந்தமானியோ ஸ்கீயின் எஃகு விளிம்பருகே உளறுகிறது. அதை என்றோ அணைத்துவிட்டேன். 1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட வடிகட்டி என்னும் கணக்கு முறை இந்த அரைகுறைச் சாட்சிகளையெல்லாம் எடைபோட்டு ஒரு தீர்ப்பு சொல்கிறது. ஆனால் எந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது நான்தானே.

பின்னிரவில் திருப்பங்களை ஒவ்வொன்றாக அளந்தேன். இப்படி நேரத்தோடு வளரும் நகர்வுப் பிழையாக இருந்தால் வித்தியாசம் முதல் கம்பத்தில் சிறிதாகவும் கடைசிக் கம்பத்தில் பெரிதாகவும் இருக்க வேண்டும். முதல் கம்பத்திலேயே ஆறு இருக்கிறது. கடைசியிலும் அதே ஆறுதான்.

ஜனவரி 13

கடுங்குளிரில் இடுப்பு உணரியின் மின்கலம் பாதி ஓட்டத்திலேயே படுத்துவிட்டது. எனக்கு எரிச்சல், அவள் சிரித்தாள்.

ஜனவரி 14

கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்துக்கான அவளுடைய ஸ்கீயின் பக்கவளைவு ஆரம் (ஸ்கீயின் பக்க ஓரம் உள்ளே வளைந்திருக்கும் வளைவின் ஆரம்) 30 மீட்டர். தோராயமாக, அதை விளிம்புக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் அவள் பனியில் வரையும் வளைவின் ஆரம் கிடைக்கும். 63 பாகைக்கு 13.6 மீட்டர், 57 பாகைக்கு 16.3 மீட்டர். கம்பங்களைச் சீரான இடைவெளியில்தான் நட்டிருந்தோம். இத்தனை பெரிய வேறுபாடு இருந்தால் செயற்கைக்கோள் தடத்தில் அது கண்ணுக்கே தெரிய வேண்டும். தெரியவில்லை. (அந்தத் தடம் தலையின் தடமேயன்றி ஸ்கீயின் தடமன்று; தலை உள்நோக்கிச் சாய்வதால் அதன் ஆரம் சற்றுக் குறையும். ஆனால் இரு பக்கமும் ஒன்றுபோலத்தானே குறையும்?)

அப்படியானால் ஆறு பாகையில் ஒரு பகுதியாவது என் அளவீடு உண்டாக்கியது.

ஜனவரி 15

அந்தப் பத்து விநாடி! அவள் அசையாமல் நிற்கையில் ஸ்கீ மட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் உணரியின் சுழியை, அதாவது பூஜ்ஜியக் கோணத்தை, குறிக்கிறேன். மேடை மட்டமாக இருக்கிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. சுழி ஒரு பக்கம் பிசகினால் வலத்தில் கூடுவது இடத்தில் குறையும். பிசகு இரட்டித்து, காயத்தைப் போலவே வேடம் போடும்.

ஜனவரி 16

ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மேடையின் மிதிபட்டு இறுகிய பனியில் அதைக் குறுக்காக வைத்தவுடன் குமிழி நடுக்கோட்டைத் தாண்டி ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு முனைக்கு அடியில் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி, குமிழி நடுவுக்கு வந்ததும் உயரத்தை அளந்தேன். சாய்வு 2 பாகை. கையுறையைக் கழற்றியிருந்ததால் விரல்களில் உணர்ச்சியே இல்லை. ஆனாலும் பல நாட்களில் முதல்முறையாகப் பசித்தது.

ஜனவரி 17

திருத்தியபின் 61, 59. பயிற்சியாளரிடம் ஓடிச் சொல்லிவிடலாம் என்றிருந்தது. சொல்லவில்லை. மிச்சமுள்ள இரண்டு எதனுடையது? சரிவே பக்கவாட்டில் ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் இதே எண்தான் வரும்.

ஜனவரி 18

கோணத்தை விட்டுவிட்டு, உச்சம் வரும் நேரத்தை மட்டும் பார்த்தேன். இதற்கு ரசமட்டம் தேவையில்லை. சுழி எங்கே பிசகினாலும் உச்சம் வரும் கணம் மாறாது. வலப்பக்கத் திருப்பங்களில் கம்பத்தை நெருங்குவதற்குள் உச்சம் வந்துவிடுகிறது. இடப்பக்கத் திருப்பங்களில், ஒன்றைக்கூட விடாமல், கம்பத்தைத் தாண்டிய பின்பே வருகிறது. அவள் விளிம்பில் முழுதாகச் சாயத்தான் செய்கிறாள், ஆனால் தயங்கிவிட்டுச் சாய்கிறாள். தொடை உணரியும் அதையே சொல்கிறது; தசையோடு சேர்ந்து குலுங்கும் அந்தக் கருவியை நான் பொதுவாக நம்புவதில்லை.

ஜனவரி 19

அவளிடம் முதலில் சொல்வதா, பயிற்சியாளரிடமா? காலையில் பட்டையை இறுக்கும்போது, "இடப்பக்கம் எப்படி?" என்று அவளாகவே கேட்டாள். மேடையின் சாய்வைப் பற்றி மட்டும் சொன்னேன். குனிந்து தன் வலது பூட்ஸின் கொக்கியை ஒரு பல் கூடுதலாக இறுக்கிக்கொண்டாள்.