பஞ்சாங்கத்து நாழிகையைக் கடிகார மணியாக மாற்றுதல்

பஞ்சாங்கத்தைப் புரட்டும் பலர் ராகுகாலத்தையும் நல்ல நேரத்தையும் பார்த்துவிட்டு, திதிக்கும் நட்சத்திரத்திற்கும் எதிரே அச்சிட்டிருக்கும் நாழிகை, விநாடி எண்களைக் கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. ஆகவே நாழிகை 24 நிமிடமும், பஞ்சாங்க விநாடி 24 நொடியும் ஆகும். ஏழரை நாழிகை ஒரு சாமம்.

கணக்குச் சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. பஞ்சமி 18 நாழிகை 30 விநாடி வரை என்று போட்டிருந்து, அன்று உதயம் காலை 6.10 மணி என்றால், பதினெட்டரையை 24ஆல் பெருக்கி வரும் 444 நிமிடத்தை, அதாவது 7 மணி 24 நிமிடத்தை, உதயத்தோடு கூட்ட வேண்டும், பிற்பகல் 1.34 மணிக்குப் பஞ்சமி முடிகிறது. இரண்டரை நாழிகை ஒரு மணி என்பதை நினைவில் வைத்தால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

கோயம்புத்தூரில் சூரியன் சென்னையைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தியே உதிக்கிறது. திதி முடியும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றே. ஆனால் அதை நாழிகையில் சொல்லும்போது எண் ஊருக்கு ஊர் மாறும். ஆகையால், எந்த ஊர் உதயத்தை வைத்துக் கணித்தது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது அவசியம்.